முழங்கால் தசைநாண் வலி: விரல் நிற்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

17 ஆண்டுகளாகக் கைப்பந்துப் பயிற்சி அளித்து வருகிறேன். ஆட்டப் பருவம் தொடங்கி நான்கைந்து வாரம் ஆனதும் யாராவது ஒருவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்து நிற்பார். "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டால் உள்ளங்கையை முழங்கால் முழுவதும் பரப்பி, "இங்கேதான் சார்" என்பார். "ஒரே விரலால் தொட்டுக் காட்டு" என்பேன். அந்த விரல் போய் நிற்கும் இடத்திலேயே பாதி விடை கிடைத்துவிடும். இந்த வழிமுறையையும் அப்படித்தான் அமைத்திருக்கிறேன். எந்த இடத்தில் வலி, எந்த நேரத்தில் வலி என்பது தலைப்பு. அதன் கீழே எளிய காரணம் முதலில், செலவும் சிக்கலும் மிகுந்தது கடைசியில்.

நான் மருத்துவர் அல்லன். என் இடது முழங்காலில் இதே வலியால் இரண்டு பருவங்களை இழந்தவன். பிசியோதெரபிஸ்டுகளிடம் கற்றுக்கொண்டதைப் பல முழங்கால்களில் பார்த்துத் தெளிந்தவன். எங்கே என் வேலை முடிந்து மருத்துவரின் வேலை தொடங்க வேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். தசையை எலும்போடு பிணைக்கும் கயிறுதான் தசைநாண். மூட்டுக்குள் இருக்கும் கட்டுகளையும் மெத்தைகளையும் பேச்சில் மொத்தமாக "ஜவ்வு" என்கிறோம். முழங்கால் வலித்தாலே "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் அதிகம். நான் பார்த்த வரையில், குதித்து ஆடும் இளைஞர்களிடம் பெரும்பாலும் நாண்தான் நொந்திருக்கிறது. நாணுக்கும் ஜவ்வுக்கும் சிகிச்சை வேறு.

## முதலில் இது: வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவை

மற்றதைப் படிப்பதற்கு முன் இந்தப் பகுதியைக் கடந்து வாருங்கள்.

"படார்" என்று ஓசை கேட்டது, அதன்பின் காலைத் தூக்க முடியவில்லை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் குதிகாலைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் தூக்கிப் பாருங்கள். வலித்தாலும் கால் நேராக எழுந்தால் நல்ல அறிகுறி. எழவே இல்லை என்றாலோ, முழங்கால் மடிந்து தொங்கினாலோ, சில்லுக்கு (முழங்காலின் முன்னே அசையும் வட்ட எலும்பு) மேலோ கீழோ விரல் இறங்கும் பள்ளம் தென்பட்டாலோ நாண் முழுதாக அறுந்திருக்கலாம். அன்றே எலும்பு மூட்டு மருத்துவரிடம் போக வேண்டும். அறுந்த நாணை முதல் இரண்டு வாரத்துக்குள் தைப்பது எளிது. நாள் கடந்தால் தசை சுருங்கி மேலே ஏறிவிடும், அறுவை சிகிச்சையும் கடினமாகும்.

அடிபட்டபின் எக்ஸ்ரே தேவையா? கனடாவின் ஒட்டாவா நகரில் வகுக்கப்பட்ட விதிகளை அவசரப் பிரிவுகளில் பின்பற்றுகிறார்கள். அடிபட்டவருக்கு வயது 55 அல்லது அதற்கு மேல். சில்லு எலும்பில் மட்டும் தொட்டால் வலி. முழங்காலின் வெளிப்புறம் சற்றுக் கீழே துருத்தி நிற்கும் எலும்பு முனையில் வலி. 90 டிகிரி மடக்க முடியவில்லை. அடிபட்டவுடனும் பரிசோதனையின்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இரண்டு மணி நேரத்துக்குள் முழங்கால் பந்துபோல் வீங்கியது. மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். உள்கட்டு அறுந்ததோ எலும்பு விரிசலோ காரணமாகலாம். நாண் வலியில் மூட்டு இப்படி வீங்காது.

மூட்டு சிவந்து, தொட்டால் சுடுகிறது, காய்ச்சலும் இருக்கிறது. மூட்டுக்குள் தொற்றாக இருக்கலாம். காலை வரை காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள்.

ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, கனத்து, சூடாக இருக்கிறது. ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். உருவிவிடவே கூடாது. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

பிள்ளைகளுக்குத் தூக்கத்தைக் கலைக்கும் இரவு வலி, அல்லது விளையாடாதபோதும் நொண்டல். "வளர்கிற வயது, அப்படித்தான் இருக்கும்" என்று விடாதீர்கள். எலும்புக் கட்டி முழங்காலை ஒட்டி வருவதுண்டு. இடுப்பு மூட்டில் கோளாறு இருந்து வலி மட்டும் முழங்காலில் தெரிவதும் உண்டு. மருத்துவர் இடுப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் தொடரலாம்.

## இன்றுதான் இழுத்துக்கொண்டது

நடக்க முடிகிறது, காலை நீட்டித் தூக்க முடிகிறது, ஆனால் தாங்கித் தாங்கி நடக்கிறீர்கள். முதல் மூன்று நாள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்.

வலியைக் கிளப்பும் வேலையை நிறுத்துங்கள், நடப்பதை நிறுத்தாதீர்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு நான்கைந்து முறை வையுங்கள். தோலில் நேரடியாகப் பட்டால் புண்ணாகும். எலாஸ்டிக் கட்டுப் போட்டால் விரல்கள் மரத்துப்போகாத அளவுக்கு இறுக்கம் போதும், இரவில் கழற்றிவிடுங்கள். சூட்டு ஒத்தடம், அழுத்தி உருவிவிடுதல், மது மூன்றும் இந்த நாட்களில் வேண்டாம்.

ஐஸ் வலியை மழுங்கச் செய்யும், அவ்வளவே. 1978-இல் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கையும் ஒரே சூத்திரமாகச் சொன்ன அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பின்னாளில் தம் கருத்தைத் தாமே மாற்றிக்கொண்டார். ஆகவே வாரக்கணக்கில் ஐஸ் வைத்துக்கொண்டு காத்திருப்பதில் பயனில்லை.

வலி மாத்திரை தேவைப்பட்டால் பாராசிட்டமால் போதும். ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகளை வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மாத்திரை போட்டுக்கொண்டு களத்தில் இறங்குவதை நான் யாருக்கும் அனுமதிப்பதில்லை. வலி என்ற அளவுகோலை மறைத்துவிட்டு எதைப் பார்த்து ஆடுவது?

மூன்றாம் நாளிலிருந்து மெல்ல அசையுங்கள். படுத்தபடி குதிகாலைத் தரையில் இழுத்து மடக்கி நீட்டுவது 15 முறை. முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முன்தொடையை இறுக்கிப் பத்து விநாடி பிடிப்பது பத்து முறை. ஒரு வாரம் கழித்தும் நொண்டுகிறீர்கள் என்றால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

காலக்கணக்கு கேட்பவர்களுக்கு: சிறு இழுப்பு இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். நார்கள் ஓரளவு கிழிந்திருந்தால் ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கலாம். மாதக்கணக்கில் இழுத்து வந்த வலி என்றால் மூன்று முதல் ஆறு மாதம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

## சில்லின் கீழ் முனையில், ஒரு விரல் அளவு இடத்தில் வலி

குதிப்பவர்களிடம் மிக அதிகம் வருவது இதுதான்.

உறுதிசெய்யும் முறை. தரையில் காலை நீட்டி உட்காருங்கள். தொடையைத் தளர விடுங்கள். சில்லு பக்கவாட்டில் எளிதாக நகர வேண்டும். ஒரு கையால் சில்லின் மேல் விளிம்பை அழுத்துங்கள். கீழ் முனை சற்றே நிமிர்ந்து எழும். மற்றக் கையின் ஆட்காட்டி விரலை அந்த முனையின் அடியில் நுழைத்து அழுத்துங்கள். நாண் நொந்திருந்தால் அங்கே "சுரீர்" என்று ஒரு புள்ளி பிடிபடும். மற்றக் காலிலும் இதையே செய்து பாருங்கள். நல்ல காலிலும் அந்த இடம் கொஞ்சம் கூசும். வித்தியாசத்தைத்தான் கவனிக்க வேண்டும். தொட்டால் வலிப்பது மட்டுமே போதுமான சாட்சியும் ஆகாது. அடுத்ததையும் செய்யுங்கள்.

குதிகால் உயர்ந்து நிற்கும்படி ஒரு சாய்வுப் பலகையில், சுமார் 25 டிகிரி சரிவில், ஒற்றைக் காலில் நின்று மெல்ல முழங்காலை மடக்கி இறங்குங்கள். பலகை இல்லையென்றால் குதிகாலுக்கு அடியில் தடித்த புத்தகம். வலி அதே புள்ளியில் நின்றுகொண்டு, ஆழம் கூடக் கூட ஏறினால் இது நாண் வலி. வலி சில்லைச் சுற்றிப் பரவினால் இந்தத் தலைப்பை விட்டு, "சில்லைச் சுற்றியும் பின்னாலும் பரவலான வலி" என்ற தலைப்புக்குப் போங்கள்.

இன்னொரு அடையாளம் நேரம். ஆட்டத்தின் தொடக்கத்தில் வலிக்கும், உடல் சூடானதும் மறையும், உடல் ஆறியபின் திரும்ப வரும், மறுநாள் காலை படி இறங்கும்போது கடுக்கும். "ஆடும்போது வலிக்கவில்லையே" என்று ஏமாறுவது இதனால்தான்.

காரணம் 1: சுமை திடீரென்று கூடியது. நான் முதலில் கேட்பது பயிற்சிக் குறிப்பேட்டைத்தான். கடந்த நான்கு வாரங்களில் குதிப்பு எத்தனை, ஓட்டம் எவ்வளவு, இடையில் விடுமுறை உண்டா? விடுமுறைக்குப் பின் பழைய அளவிலேயே தொடங்கியவர்கள்தான் இங்கே மிகுதி. குதிப்பைப் பாதியாகக் குறையுங்கள். அடுத்தடுத்த நாட்களில் குதிக்க வேண்டாம். கடுமையாகச் சுமை ஏற்றியபின் நாணில் முதல் ஒன்றரை நாள் சிதைவு மிகுந்திருக்கும், அதன் பின்தான் புதிய நார் உருவாவது மேலோங்கும். அந்த இடைவெளியை அதற்குக் கொடுக்க வேண்டும். புதிதாக வந்த வலி இந்த ஒரு மாற்றத்திலேயே அடங்கிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

காரணம் 2: தரையோ காலணியோ மாறியது. மென்மையான தரையிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறினீர்களா, புதுக் காலணி வாங்கினீர்களா என்று யோசியுங்கள். ஆம் என்றால் பழையதற்கே திரும்பிப் பாருங்கள்.

காரணம் 3: ஒரு கால் வலுக்குறைந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஒற்றைக் காலால் எழுந்து உட்காருங்கள். எத்தனை முறை முடிகிறது என்று இரண்டு காலுக்கும் எண்ணி எழுதுங்கள். என் இடது கால் 7, வலது கால் 19 என்று வந்த நாளில்தான் என் வலியின் கதை எனக்குப் புரிந்தது.

காரணம் 4: மருந்து. சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் நாணை நோகச் செய்யலாம், அறுக்கவும் செய்யலாம். 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இவற்றின் மேல் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. 60 வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அண்மையில் இவற்றைச் சாப்பிட்டிருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு, மருந்து எழுதிய மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

காரணம் 5: பழகிப்போன வலி. மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்டால் சுமையைக் குறைப்பது மட்டும் போதாது. நாணை மறுபடி வலுவாக்க வேண்டும். அதற்கான படிகள் கீழே இருக்கின்றன.

காரணம் 6: பாதிக் கிழிசல். வழக்கமான வலி திடீரென ஒரு நாளில் பல மடங்கானால், அல்லது ஒரு குறிப்பிட்ட குதிப்பில் "கிழிந்ததுபோல்" உணர்ந்தால் பயிற்சி வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள். அல்ட்ராசவுண்ட் தேவைப்படும்.

### காலைச் சோதனை

எல்லாவற்றையும் விட நான் நம்புவது இதைத்தான். முழங்கால் தன் பதிலை மறுநாள் காலையில்தான் சொல்கிறது. தினமும் காலையில் ஒரே நேரத்தில், பல் துலக்கிய கையோடு, ஒற்றைக் காலில் அந்தச் சாய்வுப் பலகை இறக்கத்தை ஒருமுறை செய்யுங்கள். வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டு நாட்காட்டியில் எழுதுங்கள். நேற்றுக் காலை 2, இன்றும் 2 என்றால் நேற்றைய பயிற்சி சரியான அளவு. 4 ஆகிவிட்டால் நேற்று மிஞ்சிவிட்டீர்கள். அடுத்த முறை கால் பங்கு குறையுங்கள். பயிற்சியின் நடுவே 3 வரை வலி வந்தால் தவறில்லை. காலையில் அது பழைய எண்ணுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

### வலுவாக்கும் படிகள்

படி 1: அசையாமல் பிடித்தல். ஜிம்மில் கால் நீட்டும் கருவி இருந்தால் முழங்காலைச் சுமார் 60 டிகிரி மடக்கிய நிலையில் 45 விநாடி தாங்கிப் பிடியுங்கள். ஐந்து முறை, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. கருவி இல்லையென்றால் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் இருப்பதுபோல் இறங்கி நில்லுங்கள். தொடை நடுங்க வேண்டும். அந்த அளவு கனம் தேவை. பலருக்கு இது முடிந்த உடனேயே வலி குறைகிறது. சிலருக்குக் குறைவதில்லை, அவர்கள் கவலைப்படாமல் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: கனமாக, மெதுவாக. வாரம் மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள். லெக் பிரஸ் (கருவியில் உட்கார்ந்து காலால் எடையைத் தள்ளுவது), எடையோடு உட்கார்ந்து எழுதல் போன்றவை. இறங்க 3 விநாடி, ஏற 3 விநாடி, நான்கு சுற்று. முதல் வாரம் 15 முறை மட்டுமே தூக்க முடிகிற எடை. பிறகு எடையைக் கூட்டி, எண்ணிக்கையை 12, 10, 8 என்று இறக்கி, ஒன்பதாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை 6 முறை. வேகம்தான் பிழையாகும் இடம். வாய்விட்டு "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணச் சொல்வேன். எண்ணாதவர்கள் எல்லாருமே ஒரு விநாடியில் இறங்கிவிடுகிறார்கள்.

படி 3: குதிப்பு. வலித்த காலின் நாற்காலி எண்ணிக்கை மற்றக் காலின் எண்ணிக்கையில் பத்தில் ஒன்பது பங்கை எட்டியபின் தொடங்கலாம் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. முதலில் இரண்டு காலில் சிறு குதிப்பு 20. மூன்று நாளுக்கு ஒருமுறை மட்டும். காலைச் சோதனை மாறாவிட்டால் எண்ணிக்கை, பிறகு உயரம், பிறகு ஒற்றைக் கால். ஒரே நாளில் இரண்டைக் கூட்டாதீர்கள். படி 2-ஐ வாரம் இருமுறையாவது தொடருங்கள்.

சில்லுக்குக் கீழே கட்டும் பட்டை பற்றிக் கேட்பார்கள். சிலருக்கு ஆடும் நேரத்தில் வலியைக் குறைக்கிறது, கட்டிக்கொள்ளலாம். நாணை அது வலுவாக்காது.

## ஓய்வெடுத்தால் போகிறது, ஆடினால் திரும்புகிறது

என் அணியில் 19 வயதுப் பெண் ஒருத்தி. வலி வந்ததும் மூன்று வாரம் முழு ஓய்வு. வலி போய்விட்டது. வந்த முதல் நாளே முழு ஆட்டம். நான்காம் நாள் பழைய வலி. மறுபடி மூன்று வாரம். இப்படி ஒரே பருவத்தில் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் வலி முன்னதைவிடச் சீக்கிரம் வந்தது. அவள் நாங்கள் சொன்னபடி ஓய்வெடுத்தவள்தான்; ஓய்வெடுக்கச் சொன்ன எங்களிடம்தான் பிழை. ஓய்வில் வலி அடங்குகிறது, நாணும் தசையும் அதே நேரத்தில் வலுவிழக்கின்றன. திரும்பி வரும்போது சுமை பழையது, தாங்கும் திறன் குறைவு.

இந்தச் சுழலில் இருக்கிறீர்கள் என்றால் இன்னொரு ஓய்வு வேண்டாம். வலி 3-க்குள் இருக்கும்போதே படி 1-இல் தொடங்குங்கள். வலியில்லாத நாளிலும் நிறுத்தாதீர்கள். அந்தப் பெண் நான்காவது முறை ஓய்வுக்குப் பதிலாக 14 வாரம் எடையோடு உழைத்தாள். அடுத்த பருவம் முழுவதும் ஆடினாள்.

## சில்லைச் சுற்றியும் பின்னாலும் பரவலான வலி

ஒரு விரலால் காட்ட முடியவில்லை, நெடுநேரம் உட்கார்ந்து எழும்போது கடுக்கிறது, படி இறங்கும்போது வலிக்கிறது. இது பெரும்பாலும் நாண் வலி ஆகாது. சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவே உள்ள உரசல் சார்ந்த வலி. எளிய காரணம் இங்கும் சுமைதான். அடுத்தது இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளின் வலுக்குறைவு: கண்ணாடி முன் ஒற்றைக் காலில் இறங்குங்கள், முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் அதுவே தடயம். பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது, இடுப்பைத் தூக்கிப் பாலம்போல் நிற்பது, ஆழமில்லாத உட்கார்ந்து எழுதல் ஆகியவற்றை ஆறு வாரம் செய்யுங்கள். மாற்றமில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட்.

## சில்லுக்கு மேலே வலி

முன்தொடை நாண். ஆழமாகக் குந்தும்போது வலி கூடும். நாற்பதைத் தாண்டியவர்களிடமும் எடை தூக்குபவர்களிடமும் அதிகம் பார்க்கிறேன். மேலே சொன்ன அதே படிகள்தாம். ஆனால் முதல் சில வாரம் 90 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டாம். நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் முழுதாக அறுவது இந்த நாண்தான் என்பதால், தடுக்கி விழுந்தபின் வந்த வலி என்றால் முதலில் அந்தக் கால் தூக்கும் சோதனை.

## முழங்காலின் பின்புறம் வலி

இங்கே அவசரப்படாதீர்கள், பல விஷயங்கள் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

குப்புறப் படுத்து முழங்காலை மடக்குங்கள். மற்றொருவர் குதிகாலைப் பிடித்துத் தடுக்கட்டும். பின்புறம் இருபக்கமும் கயிறுபோல் எழும் நாண்களில் ஒன்றில் வலி சுண்டினால் பின்தொடை நாண் இழுத்துக்கொண்டிருக்கிறது. முதல் வாரம் நீட்டி இழுக்கும் பயிற்சியை விடுங்கள்; வலிக்கும் நாணை மேலும் இழுத்தால் அது இன்னும் நோகும். படுத்தபடி குதிகாலைத் தரையில் ஊன்றி 30 விநாடி அழுத்திப் பிடிப்பதில் தொடங்கி, இடுப்பைத் தூக்குவது, பின் ஒற்றைக் காலில் தூக்குவது என்று ஏறுங்கள்.

தடுத்து மடக்கும்போது வலியில்லை, ஆனால் பின்பள்ளத்தில் மெத்தென்ற புடைப்பு இருக்கிறது என்றால் மூட்டு நீர் பின்பக்கம் பிதுங்கியிருக்கலாம். மூட்டுக்குள் வேறு கோளாறு இருப்பதன் விளைவு அது. மருத்துவர் பார்க்கட்டும். கெண்டைக்கால் வீக்கம் பற்றி முதலில் சொன்னதை மறுபடி ஒருமுறை படித்துவிடுங்கள்.

## உட்புறமும் வெளிப்புறமும்

உட்புறம், மூட்டுக் கோட்டுக்கு மூன்று நான்கு விரல் கீழே தொட்டால் வலி: மூன்று நாண்கள் சேர்ந்து ஒட்டும் இடம், அதன் அடியில் உள்ள நீர்ப்பை நொந்திருக்கும். சுமை குறைப்பும் பின்தொடைப் பயிற்சியும் போதும். மூட்டுக் கோட்டிலேயே வலி என்றால் மெத்தை ஜவ்வைச் சந்தேகிக்க வேண்டும்.

வெளிப்புறம், ஓட ஆரம்பித்துச் சில கிலோமீட்டரில் தவறாமல் வருகிற வலி: தொடையின் வெளிப்பட்டை உரசுகிறது. ஓட்டத் தூரத்தை வலி தொடங்கும் இடத்துக்கு முன்னரே நிறுத்துங்கள், சரிவில் இறங்கி ஓடாதீர்கள், இடுப்புப் பக்கத் தசைகளை வலுவாக்குங்கள்.

## வளரும் பிள்ளைக்குச் சில்லுக்குக் கீழே எலும்பு மேடு

10 முதல் 15 வயது வரை, நாண் கீழெலும்பில் ஒட்டும் இடத்தில் மேடு தட்டி, மண்டியிட்டால் வலிக்கும். அங்கே எலும்பு இன்னும் முற்றவில்லை. விளையாட்டை முழுதாக நிறுத்தத் தேவையில்லை. குதிப்பையும் வேக ஓட்டத்தையும் வலி தாங்கும் அளவுக்குக் குறைத்தால் போதும். எலும்பு வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் வலி நின்றுவிடும். மேடு மட்டும் மிஞ்சலாம். பெரியவர்களுக்கான கன எடைப் படிகளை இவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

## முழங்கால் பூட்டிக்கொள்கிறது, அல்லது திடீரென மடிந்துவிடுகிறது

நாண் வலியால் கால் "விட்டுவிட்டதுபோல்" ஒரு நொடி தோன்றலாம். ஆனால் நீட்டவே முடியாமல் பூட்டிக்கொள்வதும், திரும்பும்போது முழங்கால் உண்மையில் நழுவுவதும் மெத்தை ஜவ்வு, உள்கட்டு ஆகியவற்றின் அறிகுறிகள். பயிற்சியால் சோதித்துப் பார்க்க வேண்டாம். எலும்பு மூட்டு மருத்துவரிடம் போங்கள், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இங்கேதான் பயன்படும்.

## ஸ்கேனில் "நாண் சிதைவு" என்று வந்திருக்கிறது

அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு கண் கலங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வலியே இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கும் பலரது நாணிலும் இதே மாற்றங்கள் தெரிகின்றன. வலி போனபின்னும் படம் பழையபடியே இருப்பதுண்டு. ஆகவே படத்தைப் பார்த்துப் பயிற்சியை நிறுத்தவும் வேண்டாம், படம் சரியாகும் வரை காத்திருக்கவும் வேண்டாம். காலைச் சோதனையின் எண் குறைகிறதா, நாற்காலி எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள்.

## மூன்று மாதம் செய்தும் மாற்றமில்லை

முதலில் செலவில்லாத சரிபார்ப்பு. எடை உண்மையிலேயே கூடியதா? முதல் வாரத்தில் தூக்கிய அதே எடையைப் பன்னிரண்டாவது வாரமும் தூக்குபவர்கள் நிறைய. ஆட்டத்தையும் முழு அளவில் தொடர்ந்துகொண்டே பயிற்சியும் செய்தீர்களா? வாரம் மூன்று நாள் என்பது உண்மையில் ஒன்றரை நாளாக இருந்ததா? குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் நகரவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டிடம் போய், நீங்கள் செய்கிற பயிற்சியை அவர் முன்னால் செய்து காட்டுங்கள். வலிக்கும் இடத்தையும் மறுபடி ஆராயச் சொல்லுங்கள். நாண் என்று நினைத்தது வேறொன்றாக இருக்கலாம்.

அதன் பின்னர்தான் கருவிகளும் ஊசிகளும். அதிர்வலைச் சிகிச்சையும், சொந்த ரத்தத்தின் தட்டணுக்களைப் பிரித்துச் செலுத்தும் ஊசியும் சிலருக்கு உதவுகின்றன, சிலருக்கு எதுவும் செய்வதில்லை. ஆய்வு முடிவுகளும் அப்படியே கலவையானவை. பணம் கட்டுவதற்கு முன் இதை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் அருமையாக வலியை அடக்கும். ஆனால் நாணுக்குள் ஏற்றினால் அதை நலிவாக்கும், அறுந்துபோகவும் வழி வகுக்கும். பெரிய போட்டிக்கு முந்தைய வாரம் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள நினைப்பவர்களிடம் நான் கெஞ்சியாவது தடுக்கிறேன். அறுவை சிகிச்சை, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை முறையாகப் பயிற்சி செய்தும் பலனில்லாதவர்களுக்கு மட்டும்.

## வலி இல்லை, ஆனால் குதிக்க அச்சமாக இருக்கிறது

இதையும் ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அச்சத்தில் நல்ல காலின் மேல் முழு உடலையும் இறக்கி, அந்த முழங்காலையும் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஒருவரை நேர் எதிரே நிற்கச் சொல்லி, நீங்கள் குதித்து இறங்குவதைக் கைப்பேசியில் மெதுவாக ஓடும் வீடியோவாக எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுகின்றனவா? வலித்த கால் சற்றே பிந்தினாலும் இன்னும் ஆட்டத்துக்குத் தயாராகவில்லை. படி 3-இல் இருங்கள், வாரம் ஒருமுறை படம் எடுங்கள்.

இரண்டு பாதமும் சேர்ந்து இறங்கிய நாளில் ஒரு செட் மட்டும் ஆடுங்கள். வெளியே வந்துவிடுங்கள். மறுநாள் காலை எண் மாறவில்லை என்றால் மூன்று நாள் கழித்து இரண்டு செட்.